மூணுகல்லுக்கு வந்த கடுதாசிகள்

அமெரிக்காவில் ஒரு சின்ன டவுன் எப்படி இருக்கும் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஓர் ஆறு. ஆற்றங்கரையில் மாவு மில். ரயில் நிலையம், மரத்தாலான தேவாலயம், அகலமான ஒரு வீதி, வீதி முனையில் தபால் கந்தோர். முதலில் வந்து காட்டை வெட்டியது யார், ஞாயிற்றுக்கிழமை மக்கள் எங்கே கூடுவார்கள் என்பது வரைக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரப் புத்தகத்தில் படத்தோடு இருந்தது. யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய புத்தகம். வேறு இல்லாததால் இரண்டு மூன்று வருசமாக அதைத்தான் நடத்தினேன்.

ஒரு நாள் எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. கண்ணால் பார்க்கப் போகாத ஊரின் மாவு மில்லைப் பற்றி நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஆறு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு மட்டும் என்ன குறைச்சல்? அந்தப் பாடத்தைப் போலவே எங்கள் டவுனுக்கு ஒன்று நானே எழுதுவது என்று முடிவு செய்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு நிறைய இருந்தது.

எழுதுவதில் கஷ்டமே இல்லை. இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் ஒரு வளைவு. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் மலை, நடுவில் கையகல இடத்தில் நாங்கள். பாலத்தடியில் சிங்கள முதலாளியின் பேக்கரி, அதற்கு எதிரே முஸ்லிம் நானாவின் ஜவுளிக்கடை, அப்புறம் என் அப்பாவின் சாப்பாட்டுக்கடை, சலூன், மருந்துக்கடை, மேட்டில் மாரியம்மன் கோயில், கடைசியில் தபால் கந்தோர். அவ்வளவுதான் டவுன். தெற்கே பார்த்தால் தேயிலை, வடக்கே பார்த்தால் தேயிலை, மேலே பார்த்தால் பனி. பனி இறங்கிவிட்டால் தேயிலையும் தெரியாது.

சரித்திரமும் எழுதினேன். தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்தில் வண்டிமாடு மாற்றுகிற இடமாக இருந்ததாம். மாட்டுக்குப் புல் விற்க ஒருவர், வண்டிக்காரருக்குச் சோறு போட ஒருவர் என்று வந்து, வந்தவர்கள் போகாமல் இருந்து, டவுன் ஆகிவிட்டது. சம்பள ஞாயிறன்று சுற்றுத் தோட்டமெல்லாம் இறங்கிவரும். கருவாடு, வெற்றிலை, வளையல், ரிப்பன், கூடவே ஊர்ச் சண்டை எல்லாம் அங்கேதான். ஆடித் திருவிழாவில் ஆற்றங்கரையில் கரகம் பாலித்துத் தூக்குவதற்குப் பேக்கரி முதலாளியும் கையில் தேங்காயோடு வந்து நிற்பார். சுதந்திரம் வந்த வருசம் பஜார் முழுக்கக் கொடி கட்டினோம். கொடி வெளுப்பதற்குள் சட்டம் வந்தது. கொடி கட்டியவர்களில் பாதிப் பேர் இந்தியாவிலிருந்து வந்த வம்சம், இந்த நாட்டு ஆட்களே இல்லை என்றது. அதைப் பாடத்தில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

பாடத்தோடு ஒரு படமும் வரைந்து சுவரில் மாட்டினேன். டவுனைச் சுற்றி இருக்கிற தோட்டங்களுக்கு எங்கள் பெயர்களையே போட்டேன். இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் மலையில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர். ஒன்று தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் தொரை வைத்தது, அவருடைய ஊர் ஆற்றின் பெயராகவோ மலையின் பெயராகவோ இருக்கும், வாயில் நுழையாது. இன்னொன்று எங்கள் ஆட்கள் வைத்தது. மேலே மூன்று பாறை, அடுப்புக்கல் கூட்டி வைத்த மாதிரி நிற்கும் தோட்டம் மூணுகல்லு. தொரை வைத்த பெயர் டன்பிரே. அந்தப் பெயர் பங்களாவிலும் ஆபீசிலும் தேயிலைப் பெட்டியிலும் இருந்தது. பஜாரில் அதைச் சொன்னால் 'எந்த ஊருப்பா அது?' என்று கேட்பார்கள்.

இந்த மூணுகல்லில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். புருசன் செத்துப்போய், ஒரே மகளை வைத்துக்கொண்டு மேட்டு லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில் இருந்தாள். படிப்பு கிடையாது, வாய் உண்டு. வருசத்துக்கு ஒருமுறை, தீபாவளி கழிந்ததும், இந்தியாவில் முசிறிப் பக்கமிருந்து, அப்பா அம்மா தோட்டத்துக்கு வந்தபோது பாட்டியிடம் விட்டுவந்த அவளுடைய அண்ணன் கடுதாசி போடுவார். அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள். நான் வாசிப்பேன். எல்லாக் கடுதாசியிலும் ஒரே விசயம்தான்: அங்கே என்ன இருக்கிறது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு.

"பதில் எழுதணுமா அக்கா?" என்று கேட்பேன்.

"அப்புறம் போடலாங்க டீச்சரம்மா. என்னத்தன்னு எழுத?" என்று கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவாள். அந்தப் பதிலை அவள் ஒருநாளும் போட்டதில்லை.

பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டிய காலம் வந்தது. ஆங்கிலத்தில் பாரம் நிரப்ப டவுனில் கை எண்ணிக்கைக்குத்தான் ஆள் இருந்தோம். பள்ளி விட்டதும் அப்பாவின் கடையில் கடைசி மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். காசு வாங்கியதில்லை, ஆனால் கர்வம் இருந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறார்கள் என்று தோட்டத்து ஆபீஸ் கொடுத்த கடிதத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள், அதைப் பார்த்து அப்படியே எழுதினேன். அக்கா மட்டும் கடிதம் பிறகு வரும் என்றாள். பிறந்த இடம்? மூணுகல்லு. வாழ்ந்த இடம்? மூணுகல்லு. எவ்வளவு காலம்? பொறந்ததிலிருந்து. எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் முத்து முத்தாக எழுதினேன். எல்லா வரியிலும் மூணுகல்லு. ஆபீஸ் கடிதம் பிறகு வந்தபோது அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பச் சொல்லிவிட்டேன். அதில் இருந்த பெயர் டன்பிரே.

நீண்ட காலம் கழித்து, நுவரெலியாவில் இருக்கிற அரசாங்கக் கந்தோரான கச்சேரியிலிருந்து பதில் வந்தது. அக்கா கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள், நான் பிரித்து வாசித்தேன். இந்தப் பகுதியில் மூணுகல்லு என்று ஒரு தோட்டம் இல்லை. கொடுத்த கடிதம் வேறு தோட்டத்தைப் பற்றியது. மனுவை ஏன் தள்ளக்கூடாது என்று விசாரணைக்கு வந்து சொல்ல வேண்டும்.

"என்னங்க டீச்சரம்மா போட்டிருக்கு?"

சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். மனுவில் மகளின் பெயரும் இருந்தது. தள்ளிவிட்டால் இரண்டு பேருக்கும் இந்த நாட்டில் இடம் இல்லை. பார்க்காத நாட்டுக்கு என்றைக்கு வேண்டுமானாலும் மூட்டை கட்டச் சொல்லலாம்.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "மூணுகல்லு இல்லியாமா?" என்று சிரித்தாள். "அப்ப நேத்து நான் எங்கங்க கொழுந்து எடுத்தேன்?" சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது நான், விழுந்தது அவள்.

மறுநாள் தோட்டத்து ஆபீசுக்கு ஏறினேன். இரண்டு பெயரும் ஒரே தோட்டம்தான் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். தொரை ஊருக்குப் புதுசு, பெரிய கிளாக்கர் அவரை விடப் புதுசு. தொரையைப் பார்க்கவே விடவில்லை கிளாக்கர்.

"எங்க ரெக்கார்ட்ல அப்படி ஒரு பேரே கிடையாது. இல்லாத பேருக்கு நான் எப்படிக் கையெழுத்து வைக்கிறது?"

"இந்தப் படியில நிக்கிற யாரை வேணும்னாலும் கேளுங்க, மூணுகல்லுன்னுதான் சொல்லுவாங்க."

"அவங்க சொல்றது ரெக்கார்ட் இல்ல, டீச்சர்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். முகத்துக்கு நேரே இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். ஒரு பிரயோசனமும் இல்லை.

வழியில் தபால் கந்தோர். தபால் மாஸ்டர் சிங்களவர், எங்கள் டவுனில் தலை நரைத்தவர். ஆத்திரம் தாளாமல் அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மூணுகல்லு இல்லையா?" என்றார் அவர், தமிழை அளந்து அளந்து. "அப்போ நான் இவ்வளவு வருசம் யாருக்குக் கடிதம் அனுப்பினேன்? தமிழ்ல மூணுகல்லு எழுதி வரும். டப்பால் பையன் அதை எந்த ஆபீசுக்கு எடுத்துப் போறது? நான்தான் கீழே பென்சிலால எழுதுவேன், டன்பிரே என்று."

எனக்குச் சுரீரென்றது. வருசா வருசம் நான் கையில் பிடித்து வாசித்த அத்தனை கவரிலும் அந்தப் பென்சில் எழுத்து இருந்தது. முன்னால் மூணுகல்லு, அடியில் டன்பிரே, பின்னால் எங்கள் தபால் கந்தோரின் தேதி முத்திரை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்! ஓட்டமாய் மேட்டு லயத்துக்கு ஏறினேன். அக்கா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தாள். ஒன்று தவறாமல் அத்தனையும் உள்ளே இருந்தன.

ஆனால் சந்தோசம் வீடு வந்து சேரும் வரைக்கும் நிற்கவில்லை. இந்தியாவில் உறவு, இந்தியாவிலிருந்து 'வந்துவிடு' என்று கடிதம். அதைக் காட்டினால், போகப்போகிறவளுக்கு எதற்குப் பிரஜாவுரிமை என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டே தள்ளிய மனுக்கள் எனக்குத் தெரியும். காட்டாவிட்டால் தோட்டமே இல்லை, காட்டினால் ஆளே இந்தியாக்காரி. வேறு வழி இல்லை, காட்டித்தான் ஆக வேண்டும்.

"கடுதாசியில என்ன எழுதியிருக்குன்னு கேட்டா, சொகம் விசாரிச்சிருக்காருன்னு மட்டும் சொல்லுங்க அக்கா. மத்ததச் சொல்லிராதீங்க" என்று பஸ்ஸில் நுவரெலியா போய்ச் சேரும் வரைக்கும் சொல்லிக்கொடுத்தேன். தலையை ஆட்டினாள். தனக்கும் நுவரெலியாவில் ஒரு வேலை இருக்கிறது என்று தபால் மாஸ்டரும் அதே பஸ்ஸில் ஏறியிருந்தார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

விசாரணை அதிகாரி கவர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பென்சில் எழுத்து யாருடையது என்று கேட்டார். தபால் மாஸ்டர் எழுந்து, தன்னுடையது என்று ஆங்கிலத்தில் சொல்லி, அங்கேயே ஒரு தாளில் எழுதியும் காட்டினார். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். தோட்டம் கிடைத்துவிட்டது. பிறகு ஒரு கடிதத்தை உருவி எடுத்து, மொழிபெயர்ப்பாளர் மூலமாக அக்காவிடம் கேட்டார்.

"யார் எழுதியது?"

"எங்க அண்ணங்க தொரை. முசிறிப் பக்கம்."

"என்ன எழுதியிருக்கிறார்?"

நான் அவளையே முறைத்துப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஊருக்கு வந்துடுன்னு எழுதியிருக்காருங்க. வருசா வருசம் அதையேதான் எழுதுவாரு."

போச்சு, எல்லாம் போச்சு! பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரி பேனாவை எடுத்தார். அப்படியானால் இந்தியாவுக்குப் போகும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார்.

"எண்ணம் இருந்திருந்தா மொதக் கடுதாசிக்கே போயிருப்பேனேங்க" என்றாள் அக்கா. "எண்ணிப் பாருங்க தொரை, எத்தன கடுதாசி கெடக்குது. நான் போகாததாலதான அவரு திரும்பத் திரும்ப எழுதுறாரு? ஊருக்குப் போனவளுக்கு யாராச்சும் ஊருக்கு வான்னு கடுதாசி போடுவாங்களா?"

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவர்களைத் தேதி வரிசையில் அடுக்கச் சொன்னார். இடையில் ஒரு வருசம்கூட விடவில்லை அந்த அண்ணன், நல்ல மனுசன். அதிகாரி ஏதோ எழுதினார், நீளமாக எழுதினார். நான் சொல்லிக்கொடுத்த பொய்யை அவள் சொல்லியிருந்தால், மொழிபெயர்ப்பாளரே அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியிருப்பார்.

முடிவு வரப் பல மாதம் ஆயிற்று. ஒரு சம்பள ஞாயிறன்று, பஜார் நெரிசலில் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அக்கா அப்பாவின் கடைக்குள் வந்தாள். கடைசி மேசையில் என் முன்னால் ஒரு நீளக் கவரை வைத்தாள். உள்ளே சான்றிதழ். அவள் பெயர், மகள் பெயர். நான் வாய்விட்டு அழுதேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அழுகாதீங்க டீச்சரம்மா. ஒரு தாள எடுங்க" என்றாள். "அண்ணனுக்குப் பதில் எழுதணும்."

"இத்தன வருசம் போடாத பதிலா?"

"இருன்னு யாரும் சொல்லாம, இங்கயே இருக்கேன்னு நான் எப்பிடிங்க எழுதுறது? இப்ப எழுதுங்க. நான் வரல, நீங்க ஒரு நட வந்து எங்க ஊரைப் பாத்துட்டுப் போங்கன்னு எழுதுங்க."

எழுதினேன். மடித்துக் கவரில் போட்டேன். அனுப்புகிறவர் முகவரி எழுதும் இடத்தில் என் பேனா நின்றது. பட்ட பாடு மறக்குமா? தொரை வைத்த பெயரைப் போடுவதா, எங்கள் பெயரைப் போடுவதா என்று கேட்டேன்.

"மூணுகல்லுன்னே போடுங்க" என்றாள் அக்கா. "மத்தத தபால் மாஸ்டர் எழுதிக்குவாரு."