பயத்துக்கு ஒரு பேட்டரி

சென்ற ஆண்டு இடவப்பாதி, அதாவது கேரளத்தின் தென்மேற்குப் பருவமழை, பிடித்த வாரம். திருவனந்தபுரத்தில், ஓய்வுக்குப் பிறகு நான் அரை நாள் வேலை பார்க்கும் சிறிய குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் இது நடந்தது.

தண்ணீரில் இரும்பு எவ்வளவு, ஃப்ளூரைடு எவ்வளவு என்று சொல்ல அங்கே இருப்பது ஒரே ஒரு பழைய கருவி. அது சரியாக அளப்பதற்கான எண்கள் உள்ளே ஒரு சிப்பில் பதிந்திருக்கின்றன. மின்சாரம் இல்லாத நேரத்தில் அவை அழியாமல் காப்பது சுண்டுவிரல் அளவு பேட்டரி. அது தளர்ந்துகொண்டிருந்தது. கருவியைச் செய்த கம்பெனி இப்போது இல்லை. எண்கள் அழிந்தால் திரும்ப ஏற்ற ஆளில்லை, கூடத்தை மூட வேண்டியதுதான். ஆகவே கருவி ஓடும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும்.

புதியது வாங்க ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். ஐந்தை அளந்து பார்த்துவிட்டு ஆறாவதைக் கேட்டேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "சாரே, பேட்டரி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார். மாற்றும் நேரத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "அதுக்குத்தானே யூபிஎஸ் இருக்கு?" என்றார். நான் நகரவில்லை. இரண்டு பென்சில் செல்களை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் போட்டு, வயரோடு நீட்டினார். "இதுக்குக் காசு வேண்டா. இது மெஷினுக்கில்ல, சாரோட பயத்துக்கு." கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் மதியம், இருக்கட்டுமே என்று அந்தக் கூட்டின் வயர்களைக் கருவியின் பேட்டரி முனைகளில் கவ்வவிட்டு, பழையதைக் கழற்றினேன். புதியதை எடுப்பதற்குள் கரண்ட் போனது. கூடத்து யூபிஎஸ் ஒரு முறை கீச்சிட்டு அணைந்தது. கருவியின் பேட்டரியை வாராவாரம் அளந்த நான், யூபிஎஸ்ஸுக்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கிறது, அதற்கும் வயதாகும் என்று நினைக்கவே இல்லை.

"போயோ சாரே?" என்று மலையாளத்தில் கேட்டார் கூடத்துப் பொறுப்பாளர் அம்மா. போய்விட்டதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் செல்போன் வெளிச்சம் காட்ட, புதியதைச் செருகினேன்.

கரண்ட் வர நாற்பது நிமிடம் ஆனது. கருவியைப் போட்டோம். எண்கள் ஒன்று விடாமல் இருந்தன; அந்த இரண்டு பென்சில் செல்கள்தான் அவற்றைக் காப்பாற்றியிருந்தன. "ரட்சப்பெட்டு!" தப்பித்தோம் என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

யூபிஎஸ் பேட்டரி வாங்கப் போனபோது கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "நான் சும்மா கேலிக்குத்தானே கொடுத்தேன் சாரே!" என்றார்.

அந்தக் கூடு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், என்னைப் பார்த்துச் சிரித்த மனிதர்தான் என் பயத்தை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதவர் என்று தோன்றும்.