ரொட்டி இல்லாத கொத்து

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு என் மகளின் கை நடுங்கத் தொடங்கியது.

அவளுக்குப் பதினான்கு வயது. சின்ன வயதிலிருந்தே சீனி வருத்தம். தட்டில் எவ்வளவு மாவுச்சத்து என்று கணக்குப் பார்த்து, சாப்பிடுமுன் தானே இன்சுலின் போட்டுக்கொள்வாள். கொத்து ரொட்டி என்றால் அவளுக்கு உயிர். சீனி ஏறிவிடும் என்று எனக்குத்தான் பயம். அன்று ரொட்டிக்குப் பதிலாக முட்டையை மெல்லியதாகச் சுட்டு நறுக்கி, முட்டைக்கோவாவும் கோழிக்கறியும் சேர்த்துக் கொத்தினேன். சொன்னால் தொடமாட்டாள் என்று சொல்லவில்லை.

"கடைக் கொத்து தோத்துப்போகும்மா" என்று சொல்லிச் சாப்பிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. "தலை சுத்துதும்மா" என்றாள். இல்லாத ரொட்டிக்கும் சேர்த்து அவள் ஊசி போட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதே என்று சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தேன். பாதி அவள் சட்டையில் கொட்டியது. கணவர் வேலையாகக் கலேவெல ஊருக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு மிஸ்ஸிக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்பவர் அவர்.

 அவளைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று இப்போதும் எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் மனம் ஆறவில்லை.

மிஸ்ஸி ஓடி வந்து, விரலில் குத்திச் சீனி அளவைப் பார்த்தார். "சீனி ஏறுது, பயப்படாதீங்க. என்ன சாப்பிட்ட பாப்பா?"

"கொத்து ரொட்டி" என்றாள் மகள்.

"அதுல ரொட்டியே இல்லை" என்றேன்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். "அதை எங்கிட்ட சொல்றீங்களே அக்கா, ஊசி போடுற புள்ளைகிட்ட சொல்லியிருக்கணும்ல?"