தீக்குச்சி நட்ட இடம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஆக்லாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். மனைவி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள். இலங்கையில் பதினொரு வருடம் நில அளவையாளராக வேலை பார்த்தவன் நான். இங்கே போன நேர்முகத் தேர்வுகளில் எல்லாம் ஒரே பதில்தான்: நியூசிலாந்து அனுபவம் இல்லை. என் சான்றிதழை ஒருவரும் இரண்டாம் பக்கம் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சனி, ஞாயிறு வந்தால் இங்கே டெய்ரி என்று சொல்லும் மூலைக்கடைக்காரரைத் தவிர என்னோடு பேச ஆளில்லை.

அப்படி ஒரு ஞாயிறு மதியம், அறைக்குள் இருக்கப் பிடிக்காமல் பக்கத்துத் திடலுக்குப் போனேன். தலைக்கவசமும் தோள்காப்பும் போட்டவர்கள் அமெரிக்கக் கால்பந்து ஆடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். கோட்டோரம் சங்கிலி பிடிக்க வேண்டியவர் வரவில்லை. சும்மா நின்ற என்னை நடுவர் கூப்பிட்டார். இரண்டு கம்பு, நடுவே பத்து கெஜச் சங்கிலி. நான்கு முயற்சிக்குள் பந்து முன்கம்பைத் தாண்டினால் அந்த அணிக்கு மேலும் நான்கு முயற்சி; சங்கிலியும் முன்னே நகரும். பின்கம்பை ஒரு வீரரின் மனைவி பிடித்தார், முன்கம்பை நான். சங்கிலியைக் கையில் எடுத்ததும் கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்தேன். என் தொழிலல்லவா அது!

நடுவர் எறியும் மஞ்சள் துணி விழுந்தால் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆனால் தண்டனை வேண்டுமா என்று முடிவுசெய்வது எதிரணி. வேண்டாம் என்றால் ஆடியது ஆடியதுதான். வேண்டும் என்றால் பந்து பின்னே போகும். அதனால் நடுவர் கை காட்டும்வரை கம்பை அசைக்கக்கூடாது என்று சொல்லித்தான் தந்தார்கள். முதல் இரண்டு முறையும் தண்டனை வேண்டாம் என்றுவிட்டார்கள். சரி, இந்தத் துணி வெறும் சடங்கு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பதினொரு வருட அனுபவசாலி அல்லவா!

மூன்றாவது முறை துணி விழுந்தது. பந்து கம்பைத் தாண்டியதும் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண்ணும் பின்னால் ஓடி வந்தார். இந்த முறை எதிரணி தண்டனை கேட்டது. பழைய கம்பு நின்ற இடம் எது? இரு பக்கமும் கத்தத் தொடங்கினார்கள்.

கம்பு ஊன்றும் இடத்தில் அடையாளம் வைப்பது என் பழைய பழக்கம். அன்றும் ஒவ்வொரு முறையும் கம்படியில் ஒரு தீக்குச்சியைத் தலைகீழாக நட்டிருந்தேன். உடைந்த ஆங்கிலத்தில் அதைச் சொன்னேன். "நான் வந்தால் இப்போது நட்டது என்பீர்கள். நான் வரமாட்டேன், நீங்களே போய்ப் பாருங்கள்." சிலர் சிரித்தார்கள். எதிரணித் தலைவர், மலை மாதிரி ஒரு சமோவாக்காரர், சிரிக்கவில்லை. போய் முழங்காலிட்டுப் புல்லை விலக்கித் தேடினார்.

குச்சி கிடைத்தது, அவருடைய ஆட்கள் சொன்ன இடத்துக்கு ஓர் எட்டு பின்னால், பந்து வைத்திருந்த அணிக்குச் சாதகமாக. யாரோ சிகரெட் பற்றவைத்துப் போட்டது என்று அவருடைய பயிற்சியாளரே கத்தினார்.

"எரியாத குச்சி. நட்டு வைத்தது. இவர் சொன்ன இடம்தான்" என்றார் தலைவர்.

அடுத்த முயற்சியில் பந்து கம்பை மட்டுமட்டாகத் தாண்டியது; அந்த ஓர் எட்டால்தான் பந்து வைத்திருந்த அணிக்குப் புதிதாக நான்கு முயற்சி கிடைத்தது. அவருடைய அணி தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கார்களில் ஏறிப் போய்விட்டார்கள். நான் தனியாக நடந்து வந்து போன் கார்டு போட்டு மனைவிக்கு அழைப்பு எடுத்தேன்.

"வேலை கிடைச்சிட்டுதோ?"

"இல்லை. ஆனா இண்டைக்கு நான் சொன்னதை இஞ்ச ஒருத்தர் நம்பினவர்."

"ஓம்... சாப்பிட்டீங்களோ?" என்றாள். அவளுக்கு எப்படி விளங்கும்?

வேலையும் பிறகு கிடைத்தது, அவளும் வந்து சேர்ந்தாள். ஆனால் இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், முன்பின் தெரியாத ஒருவர் தன் அணி தோற்றாலும் பரவாயில்லை என்று என் தீக்குச்சியைத் தேடிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதலில் என் வாயில் வருகிறது.