கொய்யாமரத்துத் தழும்பு

என் தம்பியின் தலையில் ஒரு தழும்பு உண்டு. குடுமியை ஒதுக்கினால்தான் தெரியும். இலங்கையில் கொய்யாமரத்திலிருந்து விழுந்ததால் வந்தது என்று சொல்லி வளர்த்தவள் நான்தான். சுத்தப் பொய். அதோடு நிறுத்தினேனா? ஓடைத் தண்ணீர், பனிமூட்டம், வழியெல்லாம் பழம், அம்மா பாடின தாலாட்டு என்று அள்ளி விட்டேன். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை. அந்தத் தீவைப் பற்றிக் கதை சொன்னால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

நான் வாக்கப்பட்டது இராஜபாளையம். அவன் குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க ஒரு கங்காணி வந்திருக்கிறான், தம்பி பொண்டாட்டி பிள்ளையோடு கிளம்புகிறான் என்று சந்தையில் காதில் விழுந்தது. கூடையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன்.

சத்திரத்துப் புளியமரத்தடியில் கங்காணி எல்லாருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தான். தம்பியின் தோளில் அவன் கொடுத்த கம்பளி. ஏழெட்டுக் குடும்பங்கள் வாயைப் பிளந்து கேட்க, ஓடையையும் பழத்தையும் அளந்துகொண்டிருந்தான் தம்பி. ஒரு சொல் மாறாமல் என் கதை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

“ஏலே, அம்புட்டும் பொய்லே! எந்திரி, வீட்டுக்கு நட.”

அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவன் ஓங்கி அறைந்தான். என் உதடு கிழிந்தது. என் கையும் சும்மா இருக்கவில்லை. குடுமியைப் பிடித்து அவனை மண்ணில் இழுத்துப்போட்டு, தழும்பை எல்லாருக்கும் காட்டினேன்.

“இது மரத்துல விழுந்ததில்லலே. காப்பித் தோட்டத்துல அம்மா ஒனக்குப் பால் குடுக்க உக்காந்தா. வேல கெட்டுப்போச்சுன்னு அங்கருந்த கங்காணி பெரம்பால விளாசுனான். அதுல ஒரு அடி ஒன் மண்டையில விழுந்துச்சு. மறிச்சவள அடிவயித்துல மிதிச்சான். மூணாம் நாள் செத்துப்போனா. பத்து வயசு எனக்கு. பக்கத்துல நின்னு பாத்தேன்.”

கங்காணி சிரித்தான். “தம்பி நல்லாருக்கது அக்காளுக்குப் பொறுக்கல.”

தம்பியும் நம்பவில்லை. “மரத்துல ஏறுனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!” என்று கத்தினான்.

அவன் பொண்டாட்டி கைப்பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு என்னைக் கேட்டாள். “மதினி, அங்கருந்து வரும்போது இவுகளுக்கு என்ன வயசு?”

“எட்டு மாசம். என் இடுப்புலதான் வந்தான்.”

அவள் தன் பிள்ளையைப் பார்த்தாள். அதற்கும் ஏறக்குறைய அதே வயசுதான். “நிக்கத் தெரியாத பிள்ள மரத்துல எப்படி ஏறும்?” என்றாள்.

தம்பி எழுந்தான். கம்பளியைச் சுருட்டிக் கங்காணியின் முகத்தில் எறிந்தான். கங்காணியின் ஆட்கள் இரண்டு பேர் கம்போடு பாய்ந்தார்கள். அவன் முதுகிலும் நெற்றியிலும் அடி மாறி மாறி விழுந்தது. ஒருவன் மணிக்கட்டை நான் கடித்த கடியில் கம்பு நழுவியது. பாய்ந்து வந்த இன்னொருவன் காலில் பட்டுச் சோற்றுப் பானை உருண்டது. மற்றக் குடும்பத்தார் சாப்பிட்ட இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்கள். ரத்தம் ஒழுக ஒழுக அவனைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, அம்மா பாடுன பாட்டு? அதாச்சும் நெசமா?”

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“அது நான் பாடுனதுலே.”

அத்தனை கம்படிக்கும் அழாதவன் அப்போது அழுதான். அவனைத் தேற்ற என்னிடம் கதை எதுவும் மிச்சமில்லை.