மஞ்சள் பட்ட டெண்டர் கவர்

1. இரண்டே முக்கால் மணி

டெண்டர் பெட்டியை மூன்று மணிக்கு மூடுவார்கள். கவரைச் சுற்றியிருந்த செய்தித்தாளை நான் பிரித்தபோது மணி இரண்டே முக்கால். கவரின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியிருந்தது.

1965, ஜூலை மாதம், மூன்றாவது வியாழக்கிழமை. அன்றைய டைரியில் நேரம் உட்பட எழுதி வைத்திருக்கிறேன். இடம், பம்பாயில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவு. அப்போது நான் தாராவியில் சுடலைமுத்து அண்ணாச்சியின் தோல் பட்டறையில் கிளார்க்காகவும் டைப்பிஸ்டாகவும் இருந்தேன். வீடு சுனாபட்டியில். அண்ணாச்சிக்கும் எனக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

சாக்கடையில் இறங்கும் தொழிலாளர்களுக்கு முழங்கால்வரை வரும் தோல் பூட்ஸ் செய்து தர டெண்டர் கேட்டிருந்தார்கள். பட்டறைக்கு அந்த ஆண்டு வேறு பெரிய ஆர்டர் இல்லை. இதுவும் கிடைக்காவிட்டால் பதினோரு பேரில் சிலரைத் தீபாவளிக்குள் நிறுத்த வேண்டியிருக்கும் என்று அண்ணாச்சி என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

டெண்டர் பாரத்தை நான்கு நாள் உட்கார்ந்து டைப் செய்தேன். அதன் ஒன்பதாவது நிபந்தனையை அண்ணாச்சிக்கு இருமுறை படித்துக் காட்டினேன். டெண்டர் எண்ணையும் பொருளின் பெயரையும் தவிர, கொடுப்பவர் யார் என்று காட்டும் பெயரோ முத்திரையோ குறியோ கவரின் வெளியே இருக்கக் கூடாது. அதனால்தான் அரக்கின்மேல்கூட முத்திரை பதிக்காமல் வெறும் அரக்காக விட்டேன். புதன்கிழமை மாலை ஒட்டி முடித்த கவரை, ஓர் இரவு சாமி முன்னால் வைக்க வேண்டும் என்று அண்ணாச்சி வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் சயான் ஸ்டேஷனில் அதைத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அவரும் கூட வந்தார். நல்ல மழை. பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஸ்டோர்ஸ் பிரிவில் பிரித்த பிறகுதான் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி இது?"

"மஞ்சளுவே. மொத மொத டெண்டரு போடுதோம். வெறுங்கவரயா போடச் சொல்லுதீரு?"

"குறி எதுவும் இருக்கக் கூடாதுன்னு படிச்சுக் காட்டினேனே."

"பேரு எழுதக் கூடாதுன்னீரு. எழுதல. மஞ்சள்ல எம்பேரா இருக்கு?"

கீழே தெருவில் ஸ்டேஷனரிக் கடை இருந்தது. ஓடியிருந்தால் புதுக் கவர், அரக்கு, மெழுகுவர்த்தி மூன்றையும் வாங்கி வந்திருக்கலாம். நான் ஓடவில்லை. கைக்குட்டையால் துடைக்கவும் இல்லை. நான் கிறிஸ்தவன், என் வீட்டில் காகிதத்துக்கு மஞ்சள் வைக்கும் வழக்கம் இல்லை. இன்னொருவர் சாமி கும்பிட்டு வைத்த மஞ்சளைத் துடைப்பது அவர் நெற்றித் திருநீற்றை அழிப்பது போல எனக்குப் பட்டது. தவிர, அண்ணாச்சி சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. இரண்டு ஐம்பதுக்குக் கவரைப் பெட்டியில் போட்டேன்.

2. டைப்ரைட்டர் குறி ஆகாது

மூன்றேகாலுக்குப் பெட்டியைத் திறந்தார்கள். மொத்தம் நான்கு கவர்கள். எங்களைத் தவிர அங்கே வந்திருந்தவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பல ஆண்டுகளாக அந்த அலுவலகத்துக்குப் பூட்ஸ் கொடுத்துவந்த சேட். மற்ற இருவரும் வேறு வேறு கம்பெனிக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் மூவரும் ஒரே காரில் வந்து இறங்கியதை நான் வாசலிலேயே பார்த்தேன்.

ஹெட் கிளார்க் எங்கள் கவரைத்தான் முதலில் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"யே க்யா ஹை பாய்? ஹல்தி? ஷாதி கா கார்டு லாயா க்யா?"

கல்யாணப் பத்திரிகையா என்று அவர் கேட்டதும் பியூன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சேட் மட்டும் சிரிக்கவில்லை. "சாஹேப், நிஷானி ஹை" என்றார். அடையாளம் இருக்கிறது என்று அந்த ஒரு வார்த்தைதான் சொன்னார். ஹெட் கிளார்க் கவரை உடைக்காமல் மேஜையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

நான் எழுந்து எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். எல்லோர் முன்னாலும்தானே திறக்கப் போகிறீர்கள்? திறந்தால் பெயர் தெரியத்தானே போகிறது? பூட்டிய பெட்டிக்குள் கிடந்த நேரத்தில் மஞ்சள் யாரிடம் போய் என்ன சொல்லியிருக்கும்?

"ரூல் இஸ் ரூல், பாபு. பைட்டோ" என்று கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வே சாமுவேலு, ஒடச்சி உள்ள பாக்கச் சொல்லும். நம்ம ரேட்டு கூட இருந்தா வாயத் தொறக்காம எந்திரிச்சிப் போயிருதேன்னு சொல்லும்."

சொன்னேன். எங்கள் கவரை அப்படியே விட்டுவிட்டு, மற்ற மூன்று கவர்களையும் வரிசையாக உடைத்து ரேட்டுகளைப் படித்தார்கள். சேட்டின் ரேட் எல்லாவற்றிலும் குறைவு. மற்ற இரண்டும் அதைவிடக் கொஞ்சம் கொஞ்சம் கூடுதல்.

அப்போதுதான் மேஜைமேல் கிடந்த அந்த மூன்று காலிக் கவர்களையும் கவனித்தேன். மூன்றிலும் டெண்டர் எண்ணையும் பொருளின் பெயரையும் ஆங்கிலத்தில் டைப் செய்திருந்தார்கள். மூன்றிலும் சின்ன 'ஆர்' எழுத்து வரிக்கு மேலே தூக்கி நின்றது. அதன் வால் பாதி உடைந்திருந்தது. டைப்பிஸ்டுக்கு மெஷினின் எழுத்து மனித முகம் மாதிரி. மூன்று கம்பெனி, மூன்று விலாசம், ஒரே டைப்ரைட்டர்.

இதையும் சொன்னேன். ஹெட் கிளார்க் ஒரு கவரை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

"டைப்ரைட்டர் நிஷானி இல்லை."

"மஞ்சள் மட்டும் நிஷானியா?"

"மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிறது."

இந்தப் பதிலை அன்றே டைரியில் எழுதினேன். இப்போது படித்தாலும் ரத்தம் கொதிக்கிறது. அந்த ஒன்பதாவது நிபந்தனையை எதற்காக எழுதினார்கள்? கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுபவர்களைத் தடுக்கத்தான். அதையே கையில் வைத்துக்கொண்டு, சாமி கும்பிட்டவனை வெளியே தள்ளிவிட்டு, கூட்டுச் சேர்ந்தவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

சேட்டுக்கு இப்போது சிரிப்பு வந்தது. அந்தக் கவரைப் பத்திரமாக வைத்திருங்கள், மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்றார்.

"என்ன சொல்லுதான்?" என்று அண்ணாச்சி கேட்டார். மொழிபெயர்த்தேன்.

"எனக்குப் பொட்டப்புள்ள கிடையாது. அவனுக்கு இருந்தா கூட்டிட்டு வரச் சொல்லும், எம்மவனுக்குப் பாப்போம்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

3. ரிஜிஸ்டர்

கடைசியில் ரிஜிஸ்டரில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஆட்சேபத்தைக் குறிக்காமல் போட மாட்டேன் என்றேன். போடாவிட்டால் நஷ்டம் உனக்குத்தான் என்றார் ஹெட் கிளார்க். பேனாவை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். எங்கள் கவரைத் திறக்கவில்லை. மற்ற மூன்று கவர்களும் ஒரே மெஷினில் டைப் செய்தவை. அதன் கீழே கையெழுத்துப் போட்டு, நேரம் 3.50 என்றும் எழுதினேன். அவர் ரிஜிஸ்டரைப் பிடுங்குவதற்குள் மை காய்ந்துவிட்டது.

ஆர்டர் சேட்டுக்குப் போனது. ஒவ்வொரு ஜோடிக்கும் எங்கள் ரேட் அவருடையதைவிடக் குறைவு. அது எனக்கும் அண்ணாச்சிக்கும் மட்டும் தெரியும். ஆகஸ்ட் கடைசியில் கவர் தபாலில் திரும்பி வந்தது, அரக்கு உடையாமல். காரணம் கேட்டு நான்கு கடிதம் எழுதினேன். கோப்பு முடிக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரியில் பதில் வந்தது.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை நான்கு பேரை நிறுத்தினோம். அவர்கள் போன பிறகு அண்ணாச்சி கேட்டார்: "நீரு அன்னைக்கே அதத் தொடச்சிருக்கலாம்லா?"

"தொடச்சிருக்கலாம் அண்ணாச்சி."

பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினார். "நான் விட்டிருக்க மாட்டேன்வே."

டெண்டர் எழுதும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒட்டிய கவரை யார் கையிலும் கொடுக்காதீர்கள், முதலாளி கையிலும்கூட. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், சுற்றிய தாளைப் பிரித்துக் கவரைப் பாருங்கள். பையில் இன்னொரு கவரும் அரக்கும் மெழுகுவர்த்தியும் இருக்கட்டும். ஓய்வுபெறும்வரை நான் அப்படித்தான் போனேன். அநியாயம் கண்ணில் பட்டால் வீட்டுக்கு வந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அவர்கள் ரிஜிஸ்டரிலேயே, அவர்கள் கண் முன்னால் எழுதுங்கள். கடிதத்தைக் கிழித்துப் போடலாம். பக்க எண் போட்ட ரிஜிஸ்டரில் ஒரு தாளைக் கிழிக்க அவர்களுக்கும் பயம் உண்டு.

எழுதினால் நியாயம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. என் இரண்டு வரிக்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை. ஆனால் அவை பொய் என்றும் யாரும் எழுதவில்லை.