நாளைக்கும் சோதித்தாகிவிட்டது

விருத்தாசலத்தில் நான் பாதுகாப்பு அலுவலராகப் பணிபுரியும் பீங்கான் ஆலையில், சூளைக்கு எரிவாயு செல்லும் குழாயில் கசிவு உண்டா என்று தினமும் காலையில் சோதிக்க வேண்டும்.

இன்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.

"பாத்தாச்சு சார். டைரியில ஏத்தியிருக்குது பாருங்க" என்று தன் டிஜிட்டல் டைரியைப் பெருமையுடன் நீட்டினார். அவருடைய மறதிக்காகவே ஆலை வாங்கிக் கொடுத்த கருவி அது.

இன்றைய தேதியில் 'ஓகே'. பொத்தானை அழுத்தினேன். நாளைக்கும் ஓகே. மாதக் கடைசிவரை ஓகே.

"தெனம் அடிக்க மறந்து பூடுது சார். அதான் மொத்தமா ஏத்திட்டேன்."

எரிவாயுவை மூடச் சொன்னேன். சூளை அணைந்ததுமே முதலாளி தொலைபேசியில் வந்தார்.

"அதான் டைரியில ஓகேன்னு இருக்குதே, எதுக்குங்க நிறுத்துறீங்க?"

குழாயை யாரும் பார்க்கவில்லை. சூளை மீண்டும் எரிகிறது. அதனருகில் ஒன்பது பேர் நிற்கிறார்கள்.

உங்கள் ஆலையில் எந்தத் தேதிவரை எல்லாரும் பத்திரம், நண்பர்களே?