அஞ்சாம் நம்பர் கொத்து

செடிகொடி பாடம் நடத்துற காலேஜ்ல அட்டெண்டர் வேலைன்னா நிழல்ல நிக்கிற வேலைன்னு எவனோ கதை கட்டி விட்டுட்டான். திருவொற்றியூர்ல அப்படி ஒரு காலேஜ்ல நான் டெம்பரவரி ஆளு. படிச்சது எட்டாவது. வருஷா வருஷம் பிராக்டிகல் பரீட்சைக்கு மேசை மேல பூவும் இலையும் நம்பர் போட்டு வைப்பாங்க. பிள்ளைங்க பாத்து அது என்னன்னு எழுதணும். அஞ்சாம் நம்பர் பேனிக்கிள். ஒரு காம்பு, அதுல கிளை, கிளைக்குக் கிளை, எல்லாத்துலயும் பூ. லிஸ்ட்டுல 'மாம்பூங்கொத்து'ன்னு இருக்கும். அது வந்தாத்தான் எனக்கு அடுத்த வருஷமும் வேலை. மேலிடம் கேட்ட பொருளைத் தேடி வெயில்ல அலைஞ்சவங்க எல்லாரும் கிட்ட வாங்க, நாம ஒரே கட்சி.

குளிப்பாட்டின பூ

முதல் வருஷம் எண்ணூர் ரோட்டோரம் ஒரு மரம் கிடைச்சுது. லாரி போற ரோடு, கொத்து முழுக்கக் கரித்தூள். இப்படியே கொண்டுபோனா மரியாதை இல்லைன்னு குழாயடியில உக்காந்து, பழைய பல்லு பிரஷ்ஷால கிளை கிளையா தேய்ச்சேன். தட்டுல வச்சு, துணி மூடி, சீர்வரிசை மாதிரி பரீட்சை நடத்துற மேடம் முன்னாடி நீட்டினேன். துணியை எடுத்தாங்க. ஒரு பூ இல்லை.

"அண்ணே, நான் பூங்கொத்து கேட்டேன். நீங்க தொடப்பத்தைக் கழுவிக் கொண்டாந்திருக்கீங்க."

எஸ்தர் வீட்டு மரம்

ரோட்டு மரமே வேணாம்னு ராயபுரத்துல எஸ்தர் வீட்டு வாசல்ல போய் நின்னேன். எஸ்தர் காசிமேட்டுல மீன் எடுத்து, சந்து முனையில கூறு வச்சு விக்கிறவ. நெத்திலி வாங்கினா வீட்டு வாசல் மரத்து மாங்காய் ஒண்ணு இனாம். குழம்புல போட அந்த மாங்காய் கிடைக்குதுன்னே வாடிக்கை அவளை விட்டுப் போகாது. அதனால மரத்துக்கு அவ காவல் பலம்.

மேடம்கிட்ட காதால கேட்ட பாடத்தை எடுத்து விட்டேன். "எஸ்தரு, ஒரு கொத்துல நூத்துக்கணக்குல பூ கீது. அல்லாமா காயாவும்? ஒண்ணோ ரெண்டோதான் நிக்கும். சில கொத்துல அதுவும் இல்ல. ஒரே ஒரு கொத்து குடேன்." அவ மரத்தை ஒரு பார்வை பாத்தா, என்னை ஒரு பார்வை பாத்தா.

"கரீக்ட்டு அண்ணாத்தே. காய்க்காத கொத்து எதுன்னு காட்டு, அதையே அறுத்துக்கினு போ."

சில்லறைப் பயணிகள்

அண்ணாந்து பாத்துக் கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம். பாவம் பாத்து அவளே சின்னதா ஒண்ணு அறுத்துக் குடுத்தா. அதுல இருந்து வருஷா வருஷம் இதே கெஞ்சல், இதே சின்னக் கொத்து.

ஒரு தடவை நசுங்காம இருக்கட்டும்னு பஸ்ஸுல அதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு நின்னேன். செவ்வெறும்பு கை வழியா சட்டைக்குள்ள இறங்கிடுச்சு. கொத்தை விட மனசில்லை, சொறியக் கை இல்லை. ஒத்தைக் கால்ல நின்னு ஆடினேன். பக்கத்துல இருந்தவங்க சாமி வந்துடுச்சுன்னு வழிவிட்டாங்க. கண்டக்டர் மட்டும் அசையலை.

"பெர்சு, உனக்கு டிக்கெட்டு ஓகே. சட்டைக்குள்ள வர்ற பார்ட்டிக்கு யாரு எடுக்கிறது?"

டிபன் பாக்ஸ்

இந்த வருஷம் பரீட்சைக்கு முந்தின நாள் மழையும் காத்தும் அடிச்சுது. போனா, எஸ்தர் வாசல்ல பூவை எல்லாம் கூட்டி வாரிக்கிட்டு இருக்கா. மரத்துல ஒரு கொத்து இல்லை. அவளுக்கு இந்த வருஷ மாங்காய் போச்சு, எனக்கு வேலை போச்சு. வாசலோட திரும்பிட்டேன்.

காலேஜ்ல சாப்பாட்டு நேரத்துல, இந்த வருஷம் புதுசா வந்த மேடம்கிட்ட டிபன் பாக்ஸும் கையுமா போய், "அஞ்சாம் நம்பர் கிடைக்கலை மேடம்"னு கண்ணைத் துடைச்சேன். அவங்க என் டிபன் பாக்ஸை எட்டிப் பாத்து, "அது என்ன பொரியல்?"னாங்க. "முருங்கைப்பூ மேடம். வீட்டுப் பின்னாடி மரம், கொத்துக் கொத்தா பூக்கும்"னேன். மேடம் சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம் ஆளுங்க வந்துட்டாங்க.

"அண்ணே, முருங்கையும் பேனிக்கிள்தான். அஞ்சாம் நம்பரை வதக்கித் தின்னுக்கிட்டே அஞ்சாம் நம்பர் இல்லைன்னு அழறீங்களே!"

புதுக் காவல்

பரீட்சை நடந்துது, வேலை தப்பிச்சுது. பன்னெண்டு வருஷம் அவ மரத்தை மொட்டையடிச்ச பாவத்துக்கு, ஒரு கட்டு முருங்கைக்காயைத் தூக்கிக்கிட்டு எஸ்தர்கிட்ட போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன். திட்டினா, நிறையவே. அப்புறம் ஒரு காயை எடுத்து முறிச்சுப் பாத்தா. மறுநாளே மாங்காய்க்குப் பதிலா மீன் கூறுக்கு ஒரு முருங்கைக்காய் இனாம். வாடிக்கை அப்படியே நின்னுது. அடுத்த வாரம் அவளே என் வீட்டுக்கு வந்து மரத்தைச் சுத்திப் பாத்துட்டுச் சொன்னா:

"இன்னிலேந்து பூவைப் பொரிச்சித் துன்னாதே அண்ணாத்தே. ஒவ்வொரு கொத்துலயும் என் யாவாரம் கீது."

ஆக, வர்ற வருஷம் என் வீட்டு மரத்துல என் பரீட்சைக்கு ஒரு கொத்து அறுக்கணும்னாலும் நான் எஸ்தர் வாசல்ல போய்தான் நிக்கணும்.